கார்பன் ஃபைபர் கார் பாகங்கள்: செய்வதில் எங்கே தவறுகிறது, எதைப் பழுது பார்க்கலாம்

கார்பன் பானெட் வேண்டும் என்று கேட்டால் நான்கு விதமான சரக்கு வரும். நான்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதில் கார்பனே கிடையாது. நெசவுக் கோலம் அச்சடித்த வினைல் ஸ்டிக்கர், அல்லது தண்ணீரில் மிதக்கும் படலத்தில் முக்கி எடுக்கும் ஹைட்ரோ டிப். இரண்டாவது, ஒரிஜினல் பாகத்தின் மேலேயே ஒரு அடுக்கு கார்பன் துணியை ஒட்டி ரெசின் பூசியது. மூன்றாவதில் முகத்தில் மட்டும் ஓர் அடுக்கு கார்பன், முதுகு முழுக்கக் கண்ணாடி இழை. நான்காவதுதான் முழுக் கார்பன். அதிலும் கையால் தடவியது, வேக்கத்தில் ரெசினை இழுத்தது, ரெசின் ஏற்றியே வரும் துணியான ப்ரீப்ரெக் என்று தரம் மூன்று.

எதை வாங்கினாலும் இரண்டு வருடம் கழித்து அது எந்த நிலையில் இருக்கும் என்பதில் கார்பன் இழைக்குப் பெரிய பங்கில்லை. இழை வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. கெடுவதெல்லாம் அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினிலும், ஓரங்களிலும், போல்ட் துளைகளிலும்தான். அதனால் பட்டறையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி எந்த நாட்டுத் துணி என்பது இல்லை. என்ன ரெசின், எத்தனை டிகிரியில் வேகவைக்கிறீர்கள் என்று கேட்கவேண்டும்.

பாகத்தைத் திருப்பிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பின்பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்து மூடியிருந்தால் அடியில் கண்ணாடி இழை மேட் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து எடை. ஒரு ஹாட்ச்பேக்கின் இரும்பு பானெட் பத்துப் பதினைந்து கிலோ வரும். ஒழுங்காகச் செய்த கார்பன் பானெட் உள்சட்டத்தோடு சேர்த்து ஐந்து கிலோவை ஒட்டி நிற்கவேண்டும். முழுக் கார்பன் என்று சொல்லி ஒன்பது, பத்து கிலோ காட்டினால் மிச்சமெல்லாம் ரெசினும் மேட்டும்தான். கண்ணாடி இழை கலப்பதில் தப்பில்லை. அதைச் சொல்லி, அதற்குத் தக்க விலையில் விற்கவேண்டும், அவ்வளவுதான்.

பட்டறைகளில் அதிகம் புழங்குவது 3கே துணி. ஒரு நூலில் 3,000 இழைகள், ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரான். சாய்கோடு தெரியும் 2×2 ட்வில் நெசவில் சதுர மீட்டருக்கு 200 கிராம் என்பது வழக்கமான கனம். உறைந்த பிறகு ஓர் அடுக்கு 0.22 மி.மீ. அளவில் நிற்கும். பலம் இழையிலிருந்து வருகிறது. ரெசின் கூடினால் எடைதான் கூடும். கையால் தடவினால் எடையில் கிட்டத்தட்டப் பாதி ரெசினாகவே போய்விடும். வேக்கம் இன்ஃப்யூஷனில் அது 35 முதல் 40 சதவீதத்துக்கு இறங்கும். ப்ரீப்ரெக் துணியில் ரெசின் ஆலையிலேயே அளந்து ஏற்றப்பட்டு வரும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்து அடுக்கி, அடுப்பிலோ, அழுத்தமும் கொடுக்கும் அடுப்பான ஆட்டோகிளேவிலோ வேகவைக்கவேண்டும்.

கார்பனுக்குக் கிடைத்த பெயர் இந்தக் கடைசி வகையால் கிடைத்தது. 1981இல் மெக்லாரன் எம்பி4/1 பந்தயக் காரின் கார்பன் உடற்கூட்டை அமெரிக்காவின் யூட்டாவில் ஹெர்குலிஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. அதே ஆண்டு மோன்சாவில் ஜான் வாட்சன் தடுப்பில் மோதி, என்ஜின் பகுதி தனியாகப் பிய்ந்து போயும், காயமில்லாமல் இறங்கி நடந்தார். கையால் தடவிய மிரர் கவரை விற்கும்போது இந்தக் கதையைச் சொல்லிக் கேட்டால் சிரித்துக்கொள்ளலாம்.

மேலே ஒட்டும் வேலை

டேஷ்போர்டு பட்டை, கியர் கன்சோல், மிரர் கவர் போன்றவற்றுக்கு இந்த ஒட்டுவேலை போதும். மோல்டு தேவையில்லாததால் செலவும் குறைவு. ஆனால் முதலில் பாகத்தின் பின்பக்கம் பிளாஸ்டிக்கின் வகையை அச்சிட்டிருப்பதைப் படிக்கவேண்டும். ஏபிஎஸ் என்றால், கார்பனுக்கு வழக்கமாகப் பயன்படும் ரெசினான எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்றால் அதில் எபாக்ஸி ஒட்டாது. எவ்வளவு உரசினாலும் சில மாதத்தில் ஓரம் தூக்கி முழுத் தகடாகக் கழன்று வரும். பெரும்பாலான பம்பர்கள் பிபி கலவைதான். பம்பர் மேல் கார்பன் ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அவர் அந்த எழுத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

ஏபிஎஸ் பாகத்தை 120 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகுமளவு தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கறுப்பு நிறமி கலந்த எபாக்ஸியை மெல்லிசாகப் பூசவேண்டும். அடியில் கறுப்பு இல்லாவிட்டால் நெசவின் இடுக்கு வழியே பழைய நிறம் எட்டிப் பார்க்கும். பூசியதும் துணியைப் போடக்கூடாது. பாகு பதம் மாதிரி இதற்கும் ஒரு பதம் உண்டு. விரல் வைத்தால் ஒட்டவேண்டும், விரலோடு வரக்கூடாது. அதற்கு முன் போட்டால் துணி நழுவி நெசவு கோணும். பிந்தினால் பிடிக்காது. துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இழுக்காமல் அழுத்தியே படியவைக்கவேண்டும். ட்வில் நெசவின் சாய்கோடு எங்கே வளைந்தாலும் மேலே எத்தனை கோட் போட்டாலும் அது தெரியும்.

துணி இறுகியபின் இரண்டு மூன்று கோட் தெளிந்த எபாக்ஸி. ஒவ்வொன்றும் முந்தையது பிசுபிசுப்பாக இருக்கும்போதே. ஒரு நாள் விட்டு 240 நம்பரில் தட்டையாகத் தேய்க்கும் கட்டத்தில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. ஓரங்களிலும் வளைவின் முகட்டிலும் ரெசின் மெல்லிசாக நிற்கும், அங்கே உப்புத்தாள் இழையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் சாம்பல் நிறமாகி ஒளியை வேறு மாதிரி காட்டும். அதை மறைக்க வழியில்லை. முடிவில் பாகம் ஒரு மி.மீ. வரை தடித்திருக்கும். கிளிப் உட்காராது, பட்டன் உரசும், இரண்டு பட்டைகள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி அடைந்துபோகும். அந்த ஓரங்களை முன்கூட்டியே இழைத்துக் குறைத்தவரின் வேலைதான் டேஷ்போர்டில் சத்தமில்லாமல் உட்காரும்.

மோல்டு, அதுதான் செலவு

முழுக் கார்பன் பாகத்துக்கு மோல்டு வேண்டும். ஒரே ஒரு பானெட் செய்யக் கேட்கும் தொகையில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. அதே காருக்கு ஏற்கெனவே மோல்டு வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் விலை சட்டென்று இறங்கும்.

ஒரிஜினல் பாகத்தையே பேட்டர்னாக வைத்து மோல்டு எடுப்பது வழக்கம். அதில் இருக்கும் ஒவ்வொரு நெளிவும் மோல்டில் பதியும், பின் ஒவ்வொரு பாகத்திலும் வரும். டிங்கரிங் செய்து பட்டி பார்த்த பானெட்டாக இருந்தால் கூடுதல் சிக்கல். மோல்டின் முகமாக முதலில் பூசும் ரெசினான ஜெல்கோட்டில் இருக்கும் ஸ்டைரீன் மட்டமான பெயின்ட்டைச் சுருட்டி எடுத்துவிடும். அதனால் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட் அடித்து முழுக்க இறுகிய மேற்பரப்பே பேட்டர்னுக்கு ஆகும். சுற்றிலும் 100 முதல் 150 மி.மீ. விளிம்பு கட்டவேண்டும், வேக்கம் பையை ஒட்ட அந்த இடம் தேவை. ரிலீஸ் வேக்ஸ் ஆறு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். பிறகு டூலிங் ஜெல்கோட் 0.6 முதல் 0.8 மி.மீ., அதன்மேல் முதல் மேட்டைக் காற்றுக்குமிழி இல்லாமல் ரோலர் போட்டு ஒரு இரவு விடவேண்டும். மிச்ச மேட்டை நாளுக்கு இரண்டு மூன்று அடுக்காக ஏற்றி 6 முதல் 8 மி.மீ. கனம் கொண்டுவரவேண்டும். அவசரத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றினால் உள்ளே சூடு கூடி மோல்டு முறுக்கிக்கொள்ளும். அதிலிருந்து வரும் பானெட் ஒரு பக்கம் ஃபெண்டரைவிட 3 மி.மீ. தூக்கி நிற்கும், எந்தக் கீலைத் திருகினாலும் சரியாகாது. மோல்டைப் பேட்டர்னிலிருந்து கழற்றும் முன்பே பின்னால் இரும்புச் சட்டம் ஒட்டிவிடவேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

பானெட் ஒன்றின் கணக்கு

1.2 சதுர மீட்டர் பரப்புள்ள பானெட்டின் மேல்தோலை எடுத்துக்கொள்வோம். முகத்தில் 200 கிராம் ட்வில், அடுத்து 45 டிகிரி சாய்ந்த இழைகள் கொண்ட 400 கிராம் துணி, நடுவில் தேவையான இடங்களில் 2 மி.மீ. கோர் (தடிமனுக்காக வைக்கும் லேசான நடு அடுக்கு), பின்னால் இன்னொரு 200 கிராம். ஆக சதுர மீட்டருக்கு 800 கிராம், மொத்தம் 960 கிராம் துணி. கோர் இல்லாத இடத்தில் இது 0.9 மி.மீ.தான் வரும், கையால் அழுத்தினாலே நெளியும். தடிமன் இரட்டிப்பானால் வளைவை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காகும் என்பதால்தான் எடையில்லாத கோரை நடுவில் வைக்கிறார்கள்.

960 கிராம் துணிக்குள் 640 கிராம் ரெசின் தங்கும். ஆனால் பீல் ப்ளை (உறைந்தபின் உரித்து எடுக்கும் துணி), ரெசின் ஓடும் வலை, குழாய்கள் எல்லாம் கிட்டத்தட்ட இன்னும் அவ்வளவு குடிக்கும். எனவே 1 கிலோ ரெசினும் 300 கிராம் ஹார்டனரும் கலப்பது சரியாக இருக்கும், அந்த ரெசினின் விகிதம் எடையில் 100க்கு 30 என்றால். விகிதத்தைத் தராசில்தான் பார்க்கவேண்டும். கண்ணாடி இழை வேலைக்குப் புழங்கும் பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றிப் பழகிய கை, எபாக்ஸியிலும் அதையே செய்யும். எபாக்ஸியில் ஹார்டனர் கூடினால் வேகம் கூடாது, கலவை கடைசிவரை ரப்பர் மாதிரியே நிற்கும்.

பையை ஒட்டி வேக்கம் இழுத்ததும் பம்பை மூடிவிட்டுப் பதினைந்து நிமிடம் கேஜைப் பார்க்கவேண்டும். முள் நகர்ந்தால் எங்கோ கசிவு. அதைத் தேடி அடைக்காமல் ரெசினைத் திறந்துவிட்டால் முகமெங்கும் ஊசித் துளை. முழு வேக்கத்திலும் கிடைப்பது காற்றழுத்தம் மட்டும்தான், கடல்மட்டத்தில் 1,013 மில்லிபார். பெங்களூரின் உயரத்தில் இயற்கையே அதில் பத்து சதவீதம் குறைத்துத்தான் கொடுக்கிறது. ஆட்டோகிளேவில் ஐந்தாறு மடங்கு அழுத்தம் கொடுக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

சித்திரை வெயிலில் 1.3 கிலோவை ஒரே வாளியில் கலக்கக்கூடாது. குவிந்து நிற்கும் எபாக்ஸி தன் சூட்டிலேயே வேகமெடுத்துப் புகையும். மெதுவான ஹார்டனர், இரண்டு வாளி, மிஞ்சியதைத் தட்டில் பரப்பிவிடுவது என்று வேலை நடக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை வேறு. ஈரக்காற்றில் கையால் பூசும் எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற பிசுக்குப் படியும். அடுத்த கோட்டுக்கு முன் அதைத் தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் கொண்டு கழுவி எடுக்கவேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு உள்ளேதான் போகும், பிறகு கிளியர் கோட் தோல் தோலாக உரியும்.

வெயிலும் ரெசினும்

ஒவ்வொரு ரெசினுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் கண்ணாடி போன்ற விறைப்பு போய் இளகத் தொடங்கும். அறைச் சூட்டில் மட்டும் உறைந்த எபாக்ஸிக்கு இது பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி. மே மாத மத்தியானம் வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தாண்டும், அடியில் என்ஜின் சூடு வேறு. அப்போது ரெசின் கொஞ்சம் இளகி மேலும் இறுகும்போது சுருங்குகிறது. கார்பன் இழையோ சூட்டில் நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. நூல்கள் கடக்கும் இடங்களுக்கு நடுவே ரெசின் தேங்கிய சிறு குழிகள் உள்வாங்கி, கண்ணாடி போல் பளபளத்த மேற்பரப்பில் நெசவு புடைத்துத் தெரியும். ஷோரூம் வெளிச்சத்தில் பார்த்து வாங்கிய பானெட் முதல் கோடையிலேயே இப்படி ஆவதற்கு இதுதான் காரணம்.

மருந்து எளிது, பொறுமைதான் வேண்டும். பாகம் உறைந்து ஒரு நாள் ஆனபின் மணிக்குப் பத்து டிகிரியாக ஏற்றி, ரெசின் கம்பெனி சொல்லும் அளவுக்கு, பொதுவாக 60 முதல் 80 டிகிரியில், ஆறு முதல் எட்டு மணி நேரம் வைக்கவேண்டும். இதற்குப் பிறகு அதன் தாங்கும் அளவு வேகவைத்த சூட்டை ஒட்டி, கொஞ்சம் மேலேயே ஏறிவிடும். வரிசையும் முக்கியம். முதலில் வேகவைக்கவேண்டும், பிறகுதான் தட்டையாகத் தேய்த்துக் கிளியர் அடிக்கவேண்டும். புடைக்கவேண்டியது முன்பே புடைத்துவிட்டால் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். பாலியெஸ்டர் மோல்டு இந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் பாகத்தைக் கழற்றி, வளையாமல் பிடித்துவைக்கும் சட்டத்தில் ஏற்றி வேகவைப்பார்கள். இரும்புப் பெட்டி, ஹீட்டர், ஒரு கன்ட்ரோலர் இருந்தால் அடுப்பு தயார். அதுகூட இல்லாத பட்டறையில் டேஷ்போர்டு பட்டை செய்யலாம், பானெட் வேண்டாம்.

எபாக்ஸி தனியாக வெயிலில் நின்றால் மஞ்சளாகும். அதனால் வெளியே மாட்டும் பாகத்துக்கு யூவி தடுப்புள்ள 2கே கிளியர் இரண்டு மூன்று கோட் கட்டாயம். எபாக்ஸியை 400, 800 என்று வாட்டர் பேப்பரில் தேய்த்த பிறகே அடிக்கவேண்டும். பளபளப்பின் மேலேயே அடித்தால் உரியும்.

மாட்டும்போது கவனிக்கவேண்டிய சில விஷயங்கள். லாக், கீல் போல்ட் வரும் இடங்களில் கோர் இருக்கக்கூடாது. அங்கே முழு அடுக்கும், நடுவில் உலோகத் தகடும் வைத்து ஒட்டியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் போல்ட் இறுக்கும்போது நொறுங்கும், அல்லது நெடுஞ்சாலை வேகத்தில் லாக் பிய்ந்து பானெட் கண்ணாடியில் வந்து அறையும். கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினிய ரிவெட் நேரடியாகத் தொட்டால், சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக் காற்றில் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பி அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ஓர் அடுக்கு கண்ணாடி இழையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் போதும். கார்பன் மின்சாரம் கடத்துவதால்தான் ஆன்டெனா மூடியையும், ரேடார் சென்சாருக்கு முன்னால் வரும் கிரில் பகுதியையும் கார்பனில் செய்யக்கூடாது. சிக்னல் உள்ளே போகாது.

பழுது

முன், பின் பம்பர்களுக்கு அடியில் வரும் முன் லிப்பும் பின் டிஃப்யூசரும் வேகத்தடையில் அடிபட்டு வருவதுதான் அதிகம். முதலில் தெரியவேண்டியது, விரிசல் கிளியரில் மட்டுமா, இழையிலுமா என்பது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவிப் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்தபிறகும் ஒரு கோடு ஈரமாக நின்றால் திரவம் உள்ளே இறங்கியிருக்கிறது. பிறகு ஒரு நாணயத்தால் சுற்றிலும் தட்டவேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். அடி பட்ட புள்ளியைவிடப் பின்பக்க அடுக்குகளில் சேதம் அகலமாக இருக்கும். எனவே ஒலி மாறும் எல்லையைக் குறித்து, அதற்கு வெளியே இன்னும் 20 முதல் 30 மி.மீ. தள்ளிக் கோடு போடவேண்டும். பிரிந்த அடுக்குக்குள் ஊசியால் ரெசின் ஏற்றுவதைப் பலர் செய்கிறார்கள். அழுக்கும் ஈரமும் போன இடத்தில் அது பிடிப்பதில்லை.

நொறுங்கிய பகுதியை மூலைகள் வட்டமாக இருக்கும்படி வெட்டி எடுத்து, பின்பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்க்கவேண்டும். பலம் வேண்டிய இடத்தில் 1 மி.மீ. தடிமனுக்குக் குறைந்தது 20 மி.மீ. சரிவு, அலங்காரப் பாகத்துக்கு 12 போதும். 2 மி.மீ. தடிமனுள்ள லிப்பில் கையகலத் துளை என்றால் சுற்றிலும் 40 மி.மீ. தேய்க்கவேண்டும் என்று கணக்கு. ஒட்டு அந்தச் சரிவில்தான் பாரத்தை வாங்குகிறது. தேய்க்காமல் பின்னால் ஒரு துண்டை ஒட்டி அனுப்புகிறவர்கள் இந்தப் பரப்பைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். முகப்பக்கம் மெழுகு தடவிய தகட்டைத் தாங்கலாக ஒட்டிக்கொண்டு, பழைய அடுக்குகளின் அதே கோணத்தில், ஒவ்வொன்றையும் சரிவுக்கு ஏற்ப முந்தையதைவிடச் சுற்றிலும் பெரிதாக வெட்டி அடுக்கி, பீல் ப்ளை போட்டுப் பையிட்டு, ஹீட் லேம்பில் 60 டிகிரி வரை கொண்டுபோகவேண்டும்.

ஃபைபர் பட்டறையில் அடிக்கடி நடப்பது, எபாக்ஸி பாகத்தின் மேல் பாலியெஸ்டர் ரெசினும் மேட்டும் போட்டுத் தருவது. உறைந்த எபாக்ஸியில் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, அடுத்த வேகத்தடையில் ஒட்டு அப்படியே கையில் வரும்.

பலம் திரும்பினாலும் முகம் திரும்பாது. புதுத் துண்டின் நெசவுக் கோடு பழையதோடு நூல் பிசகாமல் சேருவது நடக்காத காரியம். மறைக்கவேண்டுமானால் பாகத்தின் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்பு வரை முழுக்க ஒரு புது அடுக்கு போர்த்தவேண்டும், இல்லை பெயின்ட் அடிக்கவேண்டும். இதற்கான செலவு பழுதைவிட அதிகமாகும்போது புதுப் பாகமே மேல்.

விரிசல் விட்ட கார்பன் வீல், சஸ்பென்ஷன் ஆர்ம், சீட் பெல்ட்டின் பாரம் தாங்கும் சீட் கூடு ஆகியவற்றை எந்தத் தனிப் பட்டறையும் தொடக்கூடாது. தொழிற்சாலையிலேயே கார்பன் கூட்டோடு வரும் கார்களுக்கு அதற்கான வழிமுறையை நிறுவனமே வைத்திருக்கும். பிஎம்டபிள்யூ ஐ3யின் பக்கச் சட்டத்தை எங்கே வெட்டி எங்கே புதுத் துண்டை ஒட்டவேண்டும் என்று முன்பே வரையறுத்துக் கொடுத்திருந்தார்கள்.

தேய்க்கும் தூள் மூச்சுக்குக் கெடுதல், தோலில் குத்தும், கிரைண்டர் மோட்டாருக்குள் போனால் ஷார்ட் ஆகும். ஈரத்தேய்ப்பும், குறைந்தது என்95 முகக்கவசமும், நைட்ரைல் கையுறையும் இல்லாமல் வேலை நடக்கும் இடத்தில் மற்ற ஒழுங்குகளையும் எதிர்பார்க்க முடியாது.

சட்டம் ஒன்று மிச்சமிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டேஷ்போர்டு பட்டையை யாரும் கேட்கப்போவதில்லை. பானெட்டும் பம்பரும் வேறு விஷயம். ஒரிஜினல் இரும்பு பானெட் மோதலில் மடங்குவதற்கென்றே கோடு வைத்து வடிவமைக்கப்பட்டது, கார்பன் மடங்காமல் உடையும். மாட்டும் முன் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து பதில் வாங்கிக்கொள்ளுங்கள், சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க அவர்களுக்கு இடமுண்டு. கழற்றிய இரும்பு பானெட்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் கீல் போல்ட்டுகளோடு பத்திரமாக வையுங்கள், காரை விற்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.